மொன்டானா மேய்ச்சல் காட்டில் ஒரு பெரிய காரியம்

மே 15, புதன் – பில்லிங்ஸ் (அமெரிக்காவின் மொன்டானா மாநிலம்)

என் மாப்பிள்ளையின் தாத்தா பிப்ரவரியில் தவறிவிட்டார். வயது 92. காரியம் மட்டும் இப்போது, மே மாதத்தில். "கன்று போடும் மாசத்தில் யாரையும் அலைய வைக்காதீர்கள். மண்ணும் கல்லாய் உறைந்து கிடக்கும். புல் முளைத்ததும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று மாதமாக அஸ்தி வீட்டில் காத்திருக்கிறது. கேட்டதும் எனக்கு மனது ஒப்பவில்லை. எங்கள் பக்கம் ஒரு ராத்திரி தாண்டினாலே ஊர் கேள்வி கேட்கும்.

அவரை நான் பார்த்தது மொத்தம் மூன்றே தடவை. முதல் தடவை 2017 அக்டோபரில், இதே பில்லிங்ஸில், மகள் கல்யாணத்தின்போது. பட்டுப்புடவையும் செருப்புமாக மண்டப வாசலில் நின்றிருந்தேன். அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்திருந்தது. நெட்டையான ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். என் பாதத்தையே பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, நெஞ்சோடு வைத்திருந்த ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை எடுத்து நீட்டினார். உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. எனக்குக் கூச்சம். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"இந்தியாவா? கொரியாவில் உங்கள் நாட்டு டாக்டர்கள் இருந்தார்கள். பாராசூட்டில் குதித்தவர்கள்" என்றார். இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். எனக்கு அது தெரியாது. ஊர் திரும்பித்தான் தேடிப் படித்தேன். 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் இந்தியாவிலிருந்து கொரியா போயிருக்கிறது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் மூன்சானில் அமெரிக்கப் படையோடு அவர்களும் விமானத்திலிருந்து குதித்திருக்கிறார்கள். ரங்கராஜ் என்ற பெயரை ஒரு மொன்டானாக் கிழவர் தயவில் தெரிந்துகொண்டேன்.

அந்த சாக்ஸ் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. இங்கே இன்று மாலை எட்டு டிகிரி, காற்று வேறு. விடுதி அறைக்கு 134 டாலர். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையே மூவரும் சாப்பிட்டுப் படுத்தோம்.

மே 16, வியாழன் – மைல்ஸ் சிட்டி, அப்புறம் சேறு

பில்லிங்ஸிலிருந்து மைல்ஸ் சிட்டி வரை யெல்லோஸ்டோன் ஆற்றை ஒட்டியே சாலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, எல்லாம் சேர்த்து 13 டாலர். காபி என்றால் வரக்காப்பிதான். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பரிமாறிய அம்மாள் மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ அவர் பேரன்தானே? அந்தக் காதை எங்கே பார்த்தாலும் தெரியும்" என்றாள். பில்லில் மூன்று பேருக்கும் காபிக்குக் காசு போடவில்லை.

ஊரை ஒட்டி ஃபோர்ட் கியோ என்ற கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழைய ராணுவக் கோட்டை இருந்த இடம். 1934 முதல் வெளிக்கலப்பே இல்லாமல் ஒரே ஹெர்ஃபோர்டு வம்சத்தை வளர்த்து வருகிறார்கள். 2009-ல் முதன்முதலாக மாட்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்களே, அந்தப் பசு இந்த வம்சத்தில் பிறந்தது. செம்பழுப்பு உடம்பு, வெள்ளை முகம். வேலிக்கு இப்பால் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். காங்கயம் மாட்டின் முதுகுக்கட்டு இதற்கு இல்லை. ஆனால் கண்ணில் நல்ல சாந்தம். பெரியவரும் முதலில் ஹெர்ஃபோர்டுதான் வைத்திருந்தாராம். சந்தை கறுப்பு ஆங்கஸைக் கேட்கத் தொடங்கியதும் மாற வேண்டி வந்திருக்கிறது. "அது ஒன்றுதான் அவருக்குக் கடைசி வரை வருத்தம்" என்று மாப்பிள்ளை அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

மைல்ஸ் சிட்டியிலிருந்து ஜோர்டனுக்கு 84 மைல். அந்தச் சாலையில் எதிரே வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணினேன், பதினொன்று. பதினொரு ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தினார்கள். தெரிந்தவரா என்று கேட்டேன். "இல்லைங்க அத்தை, இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்றார். 'அத்தை' என்று அவர் அழகாகச் சொல்வார், 'த்' மட்டும் கொஞ்சம் வழுக்கும்.

ஜோர்டன் கார்ஃபீல்டு கவுன்டியின் தலைநகரம். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. கவுன்டியின் பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர், அதில் வசிப்பவர்கள் 1,200 பேர்கூட இல்லை. டைரனோசரஸ் ரெக்ஸ் என்ற பெயரே எந்த எலும்புக்கூட்டை வைத்து வந்ததோ, அதை 1902-ல் கண்டெடுத்தது இந்தப் பக்கத்து ஹெல் கிரீக் மண்ணில்தான். அந்த மண் எப்படிப்பட்டது என்பது மாலையில் தெரிந்தது.

தார்ச்சாலை முடிந்து மண்பாதையில் இறங்கியதும் மழை பிடித்தது. பத்தே நிமிஷம். அதற்குள் பாதை சோப்புக் கட்டியாகிவிட்டது. 'கம்போ' என்கிறார்கள், நம் கரிசலுக்கு அண்ணன். டயரில் அப்பி அப்பி, சக்கரம் சுழல இடமில்லாமல் போய், வாடகைக் கார் மெல்லப் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்தது. இறங்கிய மகளின் ஷூ மண்ணோடு நின்றுகொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது. "நீங்க உள்ளயே இருங்கம்மா" என்று கத்தினாள். போனில் சிக்னல் இல்லை. நாற்பது நிமிஷம் கழித்து டிராக்டரில் ஒருவர் வந்தார். யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கிலி மாட்டி இழுத்து விட்டார். மாப்பிள்ளை பணப்பையை எடுத்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது. "1978-ல் உன் தாத்தா மூன்று நாள் எங்கள் மாட்டுக்குத் தீனி போட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார்" என்றார். கடன் தீர்ந்தது என்று சொன்னாரா, தீராது என்று சொன்னாரா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 17, வெள்ளி – பண்ணை

இந்த ஊர் வீடுகளில் முன்வாசலை யாரும் பயன்படுத்துவதில்லை. பின்வாசலில் சேற்றுக் காலோடு நுழைய ஒரு சின்ன அறை. அங்கே பூட்ஸ் வரிசை, கயிறு, கன்றுக்குப் பால் புகட்டும் பாட்டில்கள். ஓரத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய கம்பளி சாக்ஸ், எல்லா அளவிலும். வருகிறவன் ஈரக்காலோடு வந்தால் அதில் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளலாம். கழுவித் திருப்பித் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி.

பாட்டிக்கு 88 வயது. 1956-ல் இந்த வீட்டுக்கு வந்தவர். என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குக் கோழிக்கறிதான் செய்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்றார். மாட்டுப்பண்ணை வீட்டில் மாட்டுக்கறி தொடாதவள் ஒருத்தி சம்பந்தியாக வாய்த்திருக்கிறாள். ஏழு வருஷத்தில் ஒருவர்கூட அதை ஒரு பேச்சாக எடுத்ததில்லை. இந்தப் பண்பை ஊரில் போய்ச் சொல்ல வேண்டும்.

காலையில் பெரியவரின் மூத்த மகள் என்னைப் பழைய லாரியில் ஏற்றிக்கொண்டு காடு காட்டப் போனார். 67 வயது, கை இரண்டும் கருங்காலி போல. பண்ணையை நடத்துவது இப்போது அவர்தான். மழை குறைந்த பூமி, ஒரு பசுவும் கன்றும் வருஷம் முழுக்க மேய முப்பது நாற்பது ஏக்கர் வேண்டும். 250 பசு வைத்திருக்கிறார்கள். பாதி நிலம் சொந்தம், பாதி மத்திய அரசின் மேய்ச்சல் நிலம். 2024-ல் பசுவும் கன்றும் சேர்த்து மாதத்துக்கு 1 டாலர் 35 சென்ட் கட்டணம். எங்கள் அப்பாவின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பற்றிச் சொன்னேன். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நாலு வருஷத்துக்கு ஒரு முறை உழவு. "உயிரோடு இருக்கிற வேலியா?" என்று லாரியை நிறுத்திவிட்டார். வேலி பழுது பார்ப்பதில் பாதி ஆயுள் போன பெண்மணிக்கு அது பெரிய அதிசயம்.

பெரியவரின் அப்பா 1913-ல் இங்கே வந்தவர். குடியேறி உழைத்தால் 320 ஏக்கர் இலவசம் என்று 1909-ல் சட்டம் போட்டிருந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1917-க்குப் பிறகு வானம் பொய்த்தது. 1920-களில் நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் மொன்டானா. பக்கத்து வீடுகள் எல்லாம் காலியாக, இவர்கள் மட்டும் ஆட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். கைவிட்டுப் போன வீடுகளின் புகைபோக்கிகள் இன்றும் காட்டுக்குள் தனியாக நிற்கின்றன.

மதியம் பாட்டி ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் குறிப்பேடுகள், வருஷத்துக்கு ஒன்று, அறுபதுக்கு மேல். மாட்டின் காது எண், கன்று போட்ட தேதி, கிடாரியா காளையா, மழை எத்தனை அங்குலம். "குளிரில் காது கருகிவிட்டது." "அடுப்படியில் வைத்தேன், பிழைத்தது." "பிழைக்கவில்லை." பிள்ளைகள் பிறந்த தேதியும் அதே பென்சிலில், மாட்டுக் கணக்குக்கு நடுவில். போரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் எந்த வருஷத்தைத் திறந்தாலும் நவம்பர் 27-ல் அன்றைய குளிர் எத்தனை டிகிரி என்று மட்டும் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் வெற்றுத்தாள்.

மே 18, சனி – காரியம்

காலையில் வெயில், மதியம் காற்று. ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முந்நூறு பேராவது இருக்கும், கவுன்டியில் நாலில் ஒருவர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்கள் சலவை செய்த ஜீன்ஸில், தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மேடைக்கு அருகே மேசையில் அவர் சேணம், கயிறு, மரைன் என்ற அமெரிக்கக் கடல்வழிப் படையின் சீருடையில் பதினெட்டு வயதுப் படம். அந்தப் படத்தருகே ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய டூட்ஸி ரோல் மிட்டாய். எதற்கு என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் நவம்பர் 27 எனக்கு விளங்கியது.

1950 நவம்பர் 27 இரவு, வட கொரியாவின் சாங்ஜின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நின்ற மரைன் படையைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. படையிடம் இருந்தவை ஜப்பானிய வரைபடங்கள், அதில் 'சோசின்' என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 30,000 பேரை 1,20,000 பேர் வளைத்தார்கள். குளிர் மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே இறங்கியது. ரத்தப் பிளாஸ்மா பாட்டிலில் உறைந்தது. மார்ஃபின் குப்பியை மருத்துவ உதவியாளர்கள் வாயில் வைத்துக் கரைத்துத்தான் ஊசி போட முடிந்தது. டப்பா உணவு கல்லானது. வாயில் போட்டால் இளகியது இந்த மிட்டாய் ஒன்றுதான். கடற்கரையில் ஹங்னாம் வரை 78 மைல், சண்டை போட்டபடியே நடந்தார்கள். நடந்தால் பூட்ஸுக்குள் வியர்க்கும், நின்றால் அந்த வியர்வை பனியாகும். அதனால் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மாற்ற முடிந்தவன் காலோடு வந்தான். பெரியவருக்கு இடது காலில் மூன்று விரல் போனது. மிச்சமிருந்த விரல்களுக்கு எழுபத்து மூன்று வருஷமாக உணர்வில்லை.

கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அந்தக் காலோடுதான் இந்த மனிதர் ஒவ்வொரு பிப்ரவரியும் நடுராத்திரியில் எழுந்து, இரண்டு மணிக்கொரு தரம் பசுக்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். யாரும் அவரை வீரர் என்று சொல்லவில்லை. ஒருவர் வேலி மூலைக்கம்பம் எப்படி நட வேண்டும் என்று அவரிடம் கற்றதைச் சொன்னார். இன்னொருவர் பனிப்புயலில் அவர் கொண்டுவந்து கொடுத்த ஃப்ளாஸ்க்கைச் சொன்னார். கொரியாவில் படைக்குப் பின்னால் பனியில் நடந்து வந்த ஊர் ஜனங்களை மட்டும் ஒரே ஒரு தடவை பாட்டியிடம் சொல்லி அழுதாராம். ஹங்னாமிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கப்பலேற்றினார்கள் என்று பின்னாளில் செய்தித்தாளில் படித்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

மூத்த மகள் பேசியது வேறு மாதிரி. "அப்பா நல்லவர். ஆனால் பண்ணையைத் தம்பிகளுக்குத்தான் முதலில் கொடுத்தார். பெரிய தம்பி கடனில் விட்டுவிட்டுப் போனான், சின்னவன் வாத்தியார் ஆனான். செக் புக் என் கைக்கு வரும்போது எனக்கு 52 வயது. 'நான் தப்பு செய்துவிட்டேன்' என்று அப்பா சொன்னார், ஒரு தடவைதான். எனக்கு அது போதவில்லை. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்." கூடம் அசையவில்லை. பாட்டி தலையை ஆட்டினார். எனக்கு 1987-ல் கல்யாணம். தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சமபங்கு சட்டம் 1989 மார்ச் 25-ல் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு இல்லை என்று. அந்தக் கொறங்காடு இன்று அண்ணன் பேரில். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெண் அதே வலியை அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லக் கேட்டேன். அவர் அன்பும் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருந்தது.

அஸ்தியைப் பண்ணை மேட்டில் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். சீருடையில் இரண்டு இளம் மரைன்கள் வந்திருந்தார்கள். கொடியைப் பதின்மூன்று மடிப்பில் முக்கோணமாக்கி, முழங்காலிட்டு, குடியரசுத் தலைவர் பேராலும் மரைன் படையின் பேராலும் நன்றியுள்ள தேசத்தின் பேராலும் என்று சொல்லிப் பாட்டியின் கையில் கொடுத்தான் ஒருவன். ஊர் முன்னாள் வீரர்கள் ஏழு பேர் மூன்று முறை சுட்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் துப்பாக்கி நடுங்கியது, பக்கத்திலிருந்தவர் தோளால் முட்டுக் கொடுத்தார். பிறகு இருபத்து நாலு சுரத்தில், இறந்த வீரரை வழியனுப்பும் கொம்பு ஊதல். ஊத ஆள் கிடைப்பதில்லையாம், கொம்புக்குள் வைத்த கருவி தானே இசைக்கிறது. இளைஞன் உதட்டில் வைத்துப் பிடித்திருந்தான். காற்று பாதி ஒலியைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். பாலாடைக்கட்டி போட்டு வேக வைத்த உருளைக்கிழங்கு, பன்றித்தொடைக் கறி, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, ருபார்ப் தண்டில் செய்த புளிப்புப் பை. அந்தப் பையை இரண்டு துண்டு சாப்பிட்டேன். மாங்காய்ப் பச்சடியின் உறவுக்காரி.

மே 19, ஞாயிறு – சூடு

நேற்று அழுதவர்கள் எல்லாம் காலை ஆறு மணிக்குக் குதிரையோடு வந்துவிட்டார்கள். கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாள். இதையும் அவர்தான் எழுதி வைத்தாராம், வந்த கூட்டம் கலைவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள் என்று. கூலி கிடையாது. இன்று இங்கே, அடுத்த சனிக்கிழமை பக்கத்துப் பண்ணையில்.

குதிரை மேலிருந்து சுருக்குப் போட்டுப் பின்னங்காலைப் பிடித்துக் கன்றை இழுத்து வருகிறார்கள். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் ஊசி, ஒருவர் விதையடிப்பு, ஒருவர் இரும்பு. ஒரு நிமிஷம்கூட ஆகாது. கன்று எழுந்து தாயைத் தேடி ஓடுகிறது. மயிர் கருகும் புகை கண்ணை எரித்தது. நோய்க்குச் சூடு போடுவதை ஊரில் பார்த்து வளர்ந்தவள்தான், இருந்தாலும் முதல் பத்துக் கன்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குறி மாநில அரசில் பதிவானது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், கடைசியாக 2021-ல். நிலத்தைப் போல அதுவும் பிள்ளைகளுக்குப் போகும் சொத்து. மூத்த மகள் ஒவ்வொரு இரும்பையும் தன் கையாலேயே வைத்தார், யாரிடமும் கொடுக்கவில்லை.

என் மகள் ஊசிக் குழாயோடு சேற்றில் நின்றாள். காங்கயத்துத் தாத்தா பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். "கண்ணு, கை வலிக்குதா?" என்றேன். "பேசாதீங்கம்மா, எண்ணிக்கை தப்பிடும்" என்றாள்.

மதியம் காளைக்கன்றுகளின் விதையை மாவில் புரட்டிப் பொரித்து ஒரு தட்டு வந்தது. வேண்டாம் என்றேன், யாரும் வற்புறுத்தவில்லை. நான் செய்த எலுமிச்சை சோறு கால் மணியில் தீர்ந்தது.

மே 20, திங்கள் – கிளம்பவில்லை

மத்தியானம் பில்லிங்ஸில் விமானம். விடியற்காலை கூரையில் சத்தம் கேட்டு விழித்தேன். நிதானமான மழை, காற்றில்லாமல், நம் ஊர் ஐப்பசி மழை போல.

பாட்டி ஏற்கெனவே எழுந்து, பெரியவரின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்துக் கம்பத்தில் இருக்கும் மழைமானியைப் பார்க்கப் போயிருந்தார். வந்து மேசையில் உட்கார்ந்து இந்த வருஷக் குறிப்பேட்டைத் திறந்தார். பிப்ரவரி முதல் வேறு கையெழுத்து. "எண்பது" என்றார். அங்குலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, முக்கால் அங்குலத்துக்கும் மேலே. வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த மூத்த மகள் ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் தோளை அழுத்திவிட்டுப் போனார். மே மாத மழை என்றால் வருஷத்துப் புல்.

மாப்பிள்ளை பாதையைப் பார்க்கப் போய் முழங்கால் வரை சேற்றோடு திரும்பினார். கார் இன்று நகராது. நாளைக்கும் சந்தேகம். டிக்கெட்டை மாற்ற 200 டாலர் போய்விட்டது.

பாட்டி மரப்பெட்டியைக் கண்ணால் காட்டினார். மாப்பிள்ளை குனிந்து ஒரு ஜோடி எடுத்தார். "வெங்காயம் நறுக்கத் தெரியும்தானே?" என்று என்னிடம் ஒரு கத்தியை நீட்டினார் பாட்டி. இன்று வீட்டில் பதினாலு பேருக்குச் சமையல்.